கடைந்தவர் யார்?

'மந்தன்' என்னும் இந்திப் பேசும்படம் 1976-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்ச் செவிக்கு இப்பெயர் மந்தபுத்தியுடையான் ஒருவனைக் குறிப்பதுபோல் ஒலிக்கும். ஆயினும் மத்திட்டுக் கடைதல் என்பதே அதன் பொருள். டைரக்டர் ஷியாம் பெனகல். குஜராத்தைச் சேர்ந்த பால் உற்பத்தியாளர் ஐந்து லட்சம் பேர், தலைக்கு இரண்டு ரூபாய் வீதம் ஈந்து, பத்து லட்சம் ரூபாய் சேர்த்து இப்படத்தை எடுப்பித்தனர். எருமை கறந்து வயிறு வளர்ப்போர் தம் கதையைத் தாமே பணங் கொடுத்துத் திரையில் ஏற்றினர் என்னும் ஒன்றே இதனைப் பிற படங்களினின்று பிரித்துக் காட்டப் போதுமானது. படம் வெளிவந்தபோது கிராமத்தார் லாரி லாரியாக வந்து அதைப் பார்த்தனர். தேசீய விருதும் அதற்குக் கிடைத்தது. 2024-இல் பழுது நீக்கப்பெற்றுப் பிரான்சு தேசத்துக் கான் நகர விழாவில் மீண்டும் காட்டப்பட்டது. ஆகவே, பழம்படம் என்று ஒதுக்குதற்கில்லை.

இப்படத்தைப் புகழ்ந்து எழுதினோர் பலர். நாமும் புகழ்வோம்; புகழத்தக்க இடங்கள் உண்டு. ஆனால் அதற்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுள்ளது. பணம் கொடுத்த அந்த ஐந்து லட்சம் பேரின் இனத்தார் நிகழ்த்திய காரியத்தைப் படம் யாருடைய கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது?

கதை இது. டாக்டர் ராவ் என்னும் கால்நடை வைத்தியர் சர்க்கார் ஊழியராய் ஒரு சிற்றூருக்கு வருகிறார். அங்கே பால் முழுவதையும் மிஸ்ரா என்னும் பாற்பண்ணை முதலாளி, தாம் வைத்ததே விலையாக வாங்கிக்கொண்டிருக்கிறார். ஊர்த் தலைவர் தம் செல்வாக்கைக் காப்பதிலேயே கண்ணாயிருக்கிறார். சேரியிலுள்ள போலா என்னும் இளைஞனுக்கோ நகரத்து மனிதர் எவரிடமும் நம்பிக்கையில்லை. அவன் தாயை ஏமாற்றிச் சென்றவனும் ஒரு நகரத்தானே. இவர்களுக்கிடையே ராவ் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவ முயல்கிறார். கிரீஷ் கர்னாட், அம்ரீஷ் பூரி, குல்பூஷண் கர்பண்டா, நசீருத்தீன் ஷா ஆகியோர் நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்ரீஷ் பூரியின் முதலாளி உருட்டி விழிப்பதில்லை, இரைந்து பேசுவதில்லை, ஊருக்கு உபகாரம் செய்பவர்போல் இனிக்க இனிக்கப் பேசுகிறார். நாம் கண்டறிந்த முதலாளிமாரும் பெரும்பாலும் அத்தகையோரே.

படத்தின் முதற்சிறப்பு, பாலின் விலை எங்கே பிறக்கிறது என்பதை அது காட்டும் முறை. விலை சந்தையில் பிறப்பதில்லை; அளவையில் பிறக்கிறது. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பரிசோதிக்கும் கருவி யார் கையில் இருக்கிறதோ அவரே விலையை வகுக்கிறார். எருமைப்பாலின் கொழுப்பு பசுவின் பாலினும் மிகுதி; அதைச் சோதித்துச் சொல்ல ஒருவரும் இல்லாதவரை, கறந்தவளுக்குத் தன் பாலின் மதிப்பே தெரியாது. இக்காட்சிகளை நம் தோட்டத்துச் சகோதரர்க்கு விளக்கவும் வேண்டுமோ? மரத்துப் பாலை வாளியில் ஏந்திக் கிராணியின்முன் நின்று, மெட்ரோலக் கருவி மிதக்கும் அளவைப் பார்த்து, 'காய்ந்த ரப்பர் இவ்வளவுதான் தேறும்' என்று அவர் எழுதுவதைக் கேட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். மாட்டுப் பாலாயினும் மரத்துப் பாலாயினும் அளப்பவன் ஒருவன், கறப்பவன் ஒருவன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். படத்துக்கு மூலமாக நின்றது குஜராத்திலுள்ள கேடா ஜில்லாவின் கதை. 1945-இல் பம்பாய் சர்க்கார் தம் நகரத்துக்குப் பால் சேர்க்கும் திட்டம் ஒன்றை வகுத்து, ஆனந்த் என்னும் ஊரினின்று பாலை அனுப்பும் உரிமையைப் பால்ஸன் கம்பெனிக்குக் கொடுத்தனர். கம்பெனிக்கு லாபம், தரகர்க்குப் பங்கு, உழவர்க்கோ பழைய விலையே. அவர்கள் வல்லபாய் பட்டேலிடம் சென்று முறையிட்டனர். நீங்களே சங்கம் அமையுங்கள், சர்க்கார் மறுத்தால் பால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். 1946 ஜனவரியில் சமர்கா என்னும் கிராமத்தில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூடி, அவ்வாறே முடிவு செய்தனர். பதினைந்து நாள் கம்பெனிக்குப் பால் போகவில்லை. பம்பாய்த் திட்டம் தள்ளாடிற்று. பால் கமிஷனராயிருந்த வெள்ளைக்காரர் ஆனந்துக்கு நேரில் வந்து பார்த்து, உழவரின் கோரிக்கையை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் ஊர் ஊராய் நடந்து அதை வளர்த்தார். தொடக்கத்தில் அச்சங்கம் சேர்த்த பால் நாளொன்றுக்கு 250 லிட்டர் அளவுதான். பின்னாளில் 'அமுல்' என்று உலகறிந்தது அதுவே.

பதினைந்து நாள் என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நெசவாளி தறியை நிறுத்தலாம், நூல் கெடாது. எருமையின் மடியோ நில் என்றால் நில்லாது. காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். கறந்த பால் அன்றே வீணாகிவிடும். கையில் வரும் காசைத் தன் கண்முன்னேயே இழந்துகொண்டு நடத்தும் போராட்டம் அது. அண்டை வீட்டான் மறைவாய் ஒரு செம்புப் பாலை விற்றுவிட்டால் எல்லாம் குலைந்துபோகும்.

இத்தகைய காட்சி ஒன்றேனும் படத்தில் இல்லை! அறிவு வெளியினின்று ரயிலேறி வருகிறது; ஊரார் சந்தேகித்து, எதிர்த்து, பின்பு மெல்ல நம்புகின்றனர். கதையை அமைப்பதில் பெனகலோடு துணைநின்றவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் கற்று, 1949-இல் ஆனந்துக்கு வந்து, அச்சங்கத்தை மாபெரும் நிறுவனமாக்கிய பெருந்திறலாளர் அவர். அவர் தொண்டை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர் வந்து இறங்கியபோது போராட்டம் வென்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. படத்திலோ டாக்டர் வரும்வரை ஊர் உறங்குகிறது. இரண்டு ரூபாய் கொடுத்த உழவர், தாம் அல்லது தம் தகப்பன்மார் நடத்திய போரைத் திரையில் காணவில்லை. தமக்கு உபதேசித்த ஒருவரையே கண்டனர். இதை நாம் சிறு குறையென்று கருதவில்லை.

வரலாற்றைப் படம் விஞ்சி நிற்கும் இடமும் உண்டு. அதையும் அஞ்சாமல் சொல்ல வேண்டும். கேடாக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றோர் பெரும்பாலும் நிலமுடைய பட்டீதார் வகுப்பினர். நியாயவிலை கேட்ட அவர்களே, சேரிக்கு அதே விலையையும் அதே ஆசனத்தையும் கொடுப்பரா? இக்கேள்வியைப் படம் துணிந்து கேட்கிறது. சங்கத் தலைவர் தேர்தலில் சேரியின் வேட்பாளன் வெல்கிறான். ஊர்த் தலைவர் தோற்கிறார். அதுவரை முதலாளிக்குப் பகைவர்போல் நின்ற ஊர்த் தலைவர் மறுகணமே அவரோடு கைகோத்துக்கொள்கிறார். சேரிக் குடிசைகள் எரிகின்றன. பாலுக்கு ஒரே விலை என்பதை மேல்சாதியார் பொறுத்தனர். தலைமைக்கு ஒரே வாக்கு என்பதைப் பொறுக்கவில்லை. விலைக்காக ஒன்றுபட்டவர் சாதியால் பிரிவதை இத்துணைத் தெளிவாய்க் காட்டிய படம் வேறொன்று நாம் அறிந்தவரை இல்லை. அக்குடிசைத் தீ ஒன்றிற்காகவே டெண்டுல்கரின் திரைக்கதைக்குக் கொடுத்த விருது தகும்.

பிந்து என்னும் பாத்திரத்தை அவ்வளவு மெச்ச முடியவில்லை. ஸ்மிதா பாட்டீல் அரிய நடிகை. பார்வையிலேயே பாதி வசனத்தைப் பேசிவிடுகிறார். ஆயினும் எருமையைக் குளிப்பாட்டித் தீவனமிட்டுக் கறப்பவள் அவள். சங்கத்தில் அவளுக்கு என்ன பங்கு என்று படம் நின்று கேட்கவில்லை. டாக்டருக்கும் அவளுக்குமிடையே சொல்லாத ஓர் ஈர்ப்பை வைத்து, கடைசியில் அவள் கைநாட்டை முதலாளி ஏமாற்றிப் பெற்று டாக்டர்மீது பழிசுமத்தும் கருவியாக அவளை முடித்துவிடுகிறது. எழுத்தறியாமையின் கொடுமை அக்கைநாட்டில் தெரிகிறது என்பது மெய்யே. அதற்காக ஓர் உழைப்பாளியை இவ்வளவு சுருக்கியிருக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று விடுபட்டது. எருமை குளிர்காலத்தில் மிகுதியாய்க் கறக்கும், கோடையில் வற்றும். பால் பெருகும் காலத்தில் வாங்குவோர் விலையைத் தாழ்த்துவர், அல்லது வேண்டாமென்பர். முதலாளியை வென்றபின்னும் உழவனை வாட்டியது இப்பெருக்கமே. ஐரோப்பிய தேசங்கள் இதே தொல்லைக்கு 1984-இல் உற்பத்திக்கு வரம்பு கட்டின. 2015-இல் அதை நீக்கின. இடையே, 2009-இல், விலை வீழ்ந்தது பொறாமல் பெல்ஜியம் நாட்டு உழவர் முப்பது லட்சம் லிட்டர் பாலை வயலில் கொட்டினர். கேடாவிலோ கறப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று நிபுணர் பலர் கூறியதைத் தலாயா என்னும் விஞ்ஞானி பொய்யாக்க, 1955-இல் பால்பொடி ஆலை எழுந்தது. குளிர்காலத்துப் பாலைக் கோடைவரை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. இக்கதையில் சண்டையுமில்லை, காதலுமில்லை. ஆதலால் சினிமாவுக்கு உதவாதென்று விட்டனர் போலும்.

படத்தில் வரும் கிராமியப் பாட்டு பிற்காலத்தில் அமுல் விளம்பரமாகி வீடுதோறும் ஒலித்தது. பாட்டைக் கேட்டோர் கோடிக்கணக்கானோர்; எரிந்த குடிசையைக் கண்டோர் அவர்களில் எத்தனை பேரோ!

முடிவுக் காட்சியைப் பற்றி ஒரு சொல். டாக்டருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. ரயில் அவரைக் கொண்டுபோய்விடுகிறது. அதன் பின்னர்ச் சங்கத்தை மீண்டும் எழுப்பப் புறப்படுகிறவன் போலா. அதுகாறும் எவரையும் நம்பாதிருந்தவன், இப்போது தன் மக்களை அழைக்கிறான். சிலர் பாலோடு வருகின்றனர். அவ்வரிசையைப் பெனகல் சில கணங்களே காட்டுகிறார். இன்னும் ஒரு ரீல் காட்டியிருக்கலாம்.