ஒட்டகச்சிவிங்கியின் வமிசம்: அல்ஜாஹிழை டார்வினாக்கும் வாசிப்பு பற்றி

டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உயிரினப் பரிணாமத்தைக் கண்டுரைத்தவர் அல்ஜாஹிழ் என்று நம்மவர் மேடைகளிலும் கட்டுரைகளிலும் பெருமையுடன் கூறப்பட்டு வருகிறது. 1983இல் இலண்டன் 'இஸ்லாமிக் குவார்ட்டர்லி' இதழில் மெஹ்மத் பைராக்தார் எழுதிய ஆய்வுக்குப் பின் இக்கூற்று ஓர் ஆய்வு முடிவின் மதிப்பைப் பெற்றது. இணையம் பரவிய பின்னரோ நான்கைந்து ஆங்கில வரிகளே ஜாஹிழின் வாக்கு என்று உலவத் தொடங்கிவிட்டன. வாழ்க்கைப் போராட்டம், சூழலின் தாக்கம், புதிய இனங்களின் தோற்றம் யாவும் அவற்றில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

அவ்வரிகளை அரபு மூலத்தில் தேடுவோர் வெறுங்கையுடன்தான் திரும்ப வேண்டும். பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் கருத்துகளைச் சுருக்கி, மேலே இக்காலக் கலைச்சொற்களைப் பூசியதன் விளைவு அது. 'கிதாபுல் ஹயவான்' சிறு நூலன்று. அப்துஸ் ஸலாம் முஹம்மது ஹாரூன் 1938 முதல் 1945 வரை கெய்ரோவில் பதிப்பித்தபோது அது ஏழு தொகுதிகளாக விரிந்தது. கிதாபைத் திறவாமல் ஃபத்வா கொடுப்பவரை நாம் ஏற்போமா? ஜாஹிழ் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

ஹிஜ்ரி 255இல் பஸராவில் மறைந்த அபூ உஸ்மான் அல்ஜாஹிழ் முஃதஸிலாக் கொள்கையினர். கலாம் துறையில் தேர்ந்தவர். கொசுவிலும் ஈயிலும் படைத்தவனின் ஹிக்மத்தைக் காட்டுவதே அவருடைய நோக்கம். ஓர் உயிர் மற்றோர் உயிரை இரையாக்குவதை அவர் விரிவாக எழுதுகிறார். டார்வினியர் என்பதற்குக் காட்டப்படும் முதல் சான்று இதுவே. பனூ ஸுலைம் கோத்திரத்தாரின் கருங்கல் நிலம் அங்கு வாழும் மனிதரையும் விலங்கையும் கருமையாக்குகிறது என்கிறார். இது இரண்டாவது சான்று. ஆனால் பெரியது சிறியதைத் தின்பதைச் சொல்ல டார்வின் தேவையில்லை. மண்ணின் தன்மை நிறத்தை மாற்றும் என்பதும், ஓர் இனம் வேறோர் இனத்திலிருந்து வழிவழியாகப் பிரிந்து வந்தது என்பதும் ஒன்றல்ல. மேலும், தம் காலத்தவரைப் போலவே ஜாஹிழும், சில சிற்றுயிர்கள் தாய் தந்தையின்றிச் சேற்றிலும் அழுகலிலும் இருந்து தோன்றுவதாக நம்பினார். அவ்வுயிர்களுக்குப் பாட்டன் ஏது, கிளைவழி ஏது?

எனில், இந்நூலில் உயிரினப் பாகுபாட்டை ஆராய்வோருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் அது நம்மவர் சுட்டும் இடத்தில் இல்லை; ஒட்டகச்சிவிங்கி பற்றிய பகுதியில் இருக்கிறது.

ஸராஃபா எனும் ஒட்டகச்சிவிங்கி காட்டு ஒட்டகை, காட்டுப் பசு, ஆண் கழுதைப்புலி ஆகியவற்றின் கலப்பில் பிறந்தது என்ற கதை அக்காலத்தில் வழங்கியது. அதன் பாரசீகப் பெயர் 'உஷ்துர் காவ் பலங்'. உஷ்துர் ஒட்டகம், காவ் பசு. பலங் என்பது பாரசீகத்தில் சிறுத்தையைக் குறிக்கும் சொல்லாயினும், ஜாஹிழ் தரும் விளக்கத்தில் அது கழுதைப்புலியாகிவிடுகிறது. பெயரைக் கேட்டவர்கள் துணிந்து அதற்கொரு பிறப்புக் கதையைப் புனைந்துவிட்டார்கள் என்று ஜாஹிழ் கடிகிறார். அவர் வைக்கும் வாதம் இது: பாரசீகர் தீக்கோழியை 'உஷ்துர் முர்க்', அதாவது ஒட்டகப் பறவை என்கிறார்கள். அதனால் அது ஒட்டகத்துக்கும் பறவைக்கும் பிறந்தது என்று யாரேனும் சொன்னதுண்டா? இரண்டின் சாயலையும் அதில் கண்டார்கள், இரண்டின் பெயரையும் இட்டார்கள், அவ்வளவே. இனிப்பும் புளிப்பும் கலந்த சுவைக்கும் அவர்கள் அப்படித்தான் பெயர் வைக்கிறார்கள்.

சாயல் வேறு, வமிசம் வேறு என்ற இந்தத் தெளிவுதான் என்னை வியக்க வைக்கிறது. நம் தமிழும் ஒட்டகத்தையும் சிவிங்கியையும் சேர்த்தே அவ்விலங்குக்குப் பெயரிட்டது. கழுதையையும் புலியையும் சேர்த்து இன்னொன்றுக்குப் பெயரிட்டது. 1758இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தம் நூலின் பத்தாம் பதிப்பில் ஒட்டகச்சிவிங்கியை மான்களோடு சேர்த்து, ஒட்டகச் சிறுத்தை என்று பொருள்படும் பெயரை அளித்தார். தீக்கோழிக்கு அவர் வைத்த இலத்தீன் பெயரிலும் ஒட்டகம் இருக்கிறது. இன்றும் அறிவியலார் அதையே வழங்குகின்றனர்.

சாயலை விட்டு வமிசத்தைப் பற்றுவது எப்படி? பாகுபாடு என்பது வமிசாவளியாக அமைய வேண்டும் என்று 1859இல் டார்வின் வாதிட்டார். அதற்குரிய தெளிவான முறையை வகுத்தவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக். அவர் நூல் 1950இல் வெளிவந்தது. அரபு மத்ரஸாவில் பயின்றவருக்கு இதை விளக்குவது எளிது. ஒரு கிதாபின் பத்துக் கையெழுத்துப் படிகளை ஒப்பிடுகிறோம். இரண்டு படிகளில் ஒரு சொல் சரியாக இருப்பதால் அவை நெருங்கிய உறவு என்று முடிவு செய்ய முடியாது. மூலத்தில் இருந்ததை இரண்டும் காத்துள்ளன, அவ்வளவே. ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை, ஒரே வரி விடுபாடு இருந்தால், அப்பிழையுடைய ஒரு முன்படியிலிருந்து இரண்டும் எழுதப்பட்டன என்று உணர்கிறோம். ஹென்னிக் கூறுவதும் இதையே. பழைய மூதாதையிடமிருந்து எல்லாருக்கும் வந்த பொதுப் பண்பு உறவுக்குச் சான்றாகாது. இடையில் புதிதாகத் தோன்றிய மாற்றத்தை இரண்டு இனங்கள் பகிர்ந்தால்தான் அது சான்று. இன்று மரபணு எழுத்துகளை ஒப்பிடுவோர் செய்வதும் பெரும்பாலும் இத்தகைய பிரதி ஒப்பீடே. (படியெடுப்போர் தாமாகவே ஒரே பிழையைச் செய்வதும் உண்டு. இயற்கையிலும் அது நிகழ்கிறது. எனவே ஒரு சான்று போதாது.)

கொங்கோ காட்டின் ஒகாப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரிகள் கொண்ட தோல் துண்டுகளை மட்டும் பார்த்த ஸ்க்லேட்டர் 1901இல் அதைக் குதிரை இனத்தில் சேர்த்தார். வரிக்குதிரையின் சாயல் அவரை ஏமாற்றியது. அதே ஆண்டில் மண்டையோடும் கிடைத்ததும், லான்கெஸ்டர் அதைத் தனிப் பேரினமாக்கி ஒட்டகச்சிவிங்கிக்கு உறவாக வைத்தார். தோல் மூடிய கொம்பும், இரு மடலாகப் பிளந்த கீழ்க் கோரைப்பல்லும் இரண்டுக்கும் பொது. மரபணு ஆய்வும் பின்னர் அதை உறுதி செய்தது. பெயரில் முதலில் நிற்கும் ஒட்டகமோ தூரத்து உறவுதான்; பசு அதைவிட நெருங்கியது. கழுதைப்புலி ஊனுண்ணிகளில் ஒன்று. கழுதையோடு அதற்கு ஒட்டுமில்லை, நாயைவிடப் பூனைக்கே அது நெருக்கம்.

ஜாஹிழ் இம்முடிவுகளை அறிந்தவரல்லர். அவர் அறிந்தவர் என்று சொல்லி அவருக்கு நாம் சேர்க்கும் புகழ், பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவன் மூலத்தைப் புரட்டும் நாளில் நம் முகத்திலேயே வந்து விழும். அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் அவன் ஐயத்தோடுதான் கேட்பான். மறுபுறம், பாகுபாட்டியல் முழுவதும் நாத்திகரின் புனைவு என்று தள்ளுவோரும் நம்மிடையே உண்டு. ஆதம் (அலை) அவர்களின் படைப்பு அகீதாவின் பாற்பட்டது. அதற்கு வஹீ ஆதாரம். ஒகாப்பியின் உறவினர் யார் என்பது பார்த்தும் ஒப்பிட்டும் அறிய வேண்டியது. இரண்டையும் ஒரே முழக்கத்தில் போட்டுக் குழப்புவது கலாம் துறைக்கும் நியாயம் செய்யாது.

நம் கடற்கரையூர்களில் ஷாஃபியீகளுக்குச் சிக்கலில்லாத இறாலும் ஹனஃபிகளிடையே விவாதப் பொருள்தான். நீர்வாழ்வனவற்றில் மீனே ஆகும் என்ற அவர்கள் சட்டத்தில் இறால் மீனா என்ற கேள்வி எழுகிறது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் இமாம் தமீரி (ரஹ்) 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் அதை மிகச் சிறிய மீன் என்கிறார். மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அச்சொல்லையே ஆதாரமாகக் கொண்டார்கள். விலங்கியலோ இறாலைக் கணுக்காலிகளில் சேர்த்து, மீனைவிடப் பூச்சிக்கே அது நெருங்கியது என்கிறது. ஆகவே ஹராம் என்று சிலர் முடிக்கிறார்கள். ஆனால் ஹென்னிக்கின் முறைப்படி 'மீன்' என்பதே ஒரே வமிசமாகத் தேறாது. நுரையீரல் மீன் என்று ஒன்றுண்டு. அது விலாங்கைவிடவும் வஞ்சிரத்தைவிடவும் பசுவுக்கே நெருங்கிய உறவு. இந்த அளவுகோலை எடுத்துவந்து சட்டத்தை அளந்தால் இறாலோடு மீனும் கைநழுவிப் போகும். நீந்துவதெல்லாம் மீனல்ல என்று ஜாஹிழும் எழுதி, ஆமை, தவளை, நண்டு, முதலை, டால்பின் என்று பட்டியல் தருகிறார். ஃபிக்ஹ் நூலின் 'ஸமக்' அரபியரின் வழக்கில் உள்ள மீன். இறால் பற்றி என்னிடம் கேட்கும் ஹனஃபி மாணவர்களுக்கு முதலில் தமீரியின் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். விலங்கியல் பாடநூலை அதற்குப் பிறகுதான்.