மனநல உரிமைகளும் வந்து சேராத நிதியும்

மனநோயாளிகளுக்காகக் குரல் கொடுப்போர் அரசிடம் கேட்பவை இரண்டு. சிகிச்சைக்குப் போதுமான பணம் ஒதுக்க வேண்டும் என்பது ஒன்று. சிகிச்சை என்ற பெயரில் யாரையும் கட்டிப்போடவோ அடைத்துவைக்கவோ கூடாது என்பது மற்றொன்று. இந்தியாவில் இரண்டாவது கோரிக்கை கடந்த நாற்பது ஆண்டுகளில் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. முதலாவது ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. கோரிக்கையை எடுத்துச்செல்ல ஆர்வலர்கள் தேர்ந்துகொண்ட நீதிமன்ற வழி இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்த வழி பலன் தந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1980களில் ராஞ்சி மனநல மருத்துவமனையின் அவலத்தை விவரித்து வந்த ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. நோயாளிகளின் உணவு, மருந்து, தண்ணீர் வரை நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். மருத்துவமனையின் நிர்வாகமே பின்னர் மாற்றியமைக்கப்பட்டது. பத்திரிகையாளர் ஷீலா பர்சே தொடுத்த வழக்கில், குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993இல் தீர்ப்பு வந்தது. 1997இல் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வாக்கு வங்கியாகத் திரள முடியாத, வெளியில் சொல்லவே கூசும் நோயைச் சுமந்த மக்களுக்குச் சட்டமன்றத்தில் பேச ஆளில்லாத காலத்தில், நீதிமன்றம் ஒன்றுதான் திறந்திருந்த கதவு.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்தது இந்த வரலாற்றின் திருப்பம். தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் தொலைதூர ஊர்களிலிருந்து அவர்களை அங்கே கொண்டுவந்து, மாதாமாதம் பணம் கட்டி விட்டுச் சென்றிருந்தன. தர்காவில் ஓதிக் கொடுக்கும் நீரும் விளக்கு எண்ணெயும் மருந்தாகக் கருதப்பட்டன. இரவில் சங்கிலி ஏன் வந்தது என்று பார்த்தால் காரணம் வெறும் கொடூரம் மட்டுமல்ல. இத்தனை பேரை இரவெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். சங்கிலிக்குச் சம்பளம் கிடையாது. ஊர்ப்பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரும் மாத்திரையும் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்களில் பல அத்தனை தூரம் வந்திருக்காது. ஏர்வாடியில் மீறப்பட்டது உரிமை. மீறலுக்கு இடம் கொடுத்தது, அரசு செலவழிக்காத பணம்.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாவட்டந்தோறும் பதிவுபெற்ற, பதிவுபெறாத காப்பகங்கள் எல்லாவற்றையும் கணக்கெடுக்கச் சொன்னது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஓர் அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்றது. ஏர்வாடியின் தனியார் காப்பகங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன; அங்கிருந்த 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். தவறு செய்த இடத்தை மூடும் வேகம் பாராட்டத்தக்கது. ஆனால் மூடிய இடத்திலிருந்து வெளியே வந்தவருக்கு அடுத்த மாதம் யார் மாத்திரை கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த வேகம் விடை தரவில்லை. மாநிலத்துக்கு ஒரு பெரிய மருத்துவமனை என்ற உத்தரவும் யோசிக்கத்தக்கது. மனநல சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோவதுதான் 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் நோக்கம். இருபது ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு கவனத்தை மறுபடி கட்டடத்தின் பக்கம் திருப்பியது. நீதிபதியின் கண்ணுக்குக் கட்டடம் தெரியும், அதில் ஆணையரை அனுப்பி ஆய்வும் செய்யலாம். ஒரு கிராமத்தில் இல்லாத செவிலியரை ஆய்வு செய்ய முடியாது. நீதிமன்ற வழியின் இயல்பான குறை இதுதான்.

இத்தனை வழக்குகளின் பாடமும், 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் கட்டாயமும் சேர்ந்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஆக வந்தன. 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை தரக் கூடாது. நோய் முற்றிய வேளையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். முந்தைய 1987ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது வேறோர் உலகம். அந்தச் சட்டம் காப்பகங்களுக்கு உரிமம் கொடுப்பதையும் நோயாளியைச் சேர்க்கும் முறைகளையும் சுற்றியே எழுதப்பட்டது. புதிய சட்டம் நோயாளியை மையத்தில் வைக்கிறது.

இந்தச் சட்டத்தில் நிதியைத் தொடும் பிரிவு 18ஆவது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது அது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அட்டை இல்லாவிட்டாலும் இலவசம். நீண்ட தூரம் பயணம் செய்ய வைக்கக் கூடாது. குறைந்தபட்ச சேவை மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்க வேண்டும். பட்டியலில் உள்ள அத்தியாவசிய மருந்துகள் சமுதாய நல மையம் முதல் மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய வாசகங்கள் இவை.

ஓ.பி. வரிசையில் இந்த வாசகங்கள் என்ன ஆகின்றன என்று பார்க்கலாம். கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், மனச்சிதைவு நோய் கண்ட மகனோடு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறார். அன்றைய கூலி போயிற்று. இரண்டு பேருக்கும் டிக்கெட், ஒரு வேளைச் சாப்பாடு. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்றால், ரிஸ்பெரிடோன் இருக்கிறது, கூடவே எழுதிய இன்னொரு மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கையில் இருப்பதைப் பொறுத்துப் பதினைந்து நாளுக்குத் தருகிறார்கள். பதினாறாம் நாள் மறுபடி அதே பஸ். மூன்றாவது முறை அவர் வராமல் போனால், நோயாளி சிகிச்சையைக் கைவிட்டதாகக் குறிக்கப்படும். தேசிய மனநலக் கணக்கெடுப்பு (2015–16), பல்வேறு மனநோய்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அறியாமையும் கூச்சமும் இதற்குக் காரணம் என்பார்கள். அவற்றுக்குப் பங்கு உண்டு. இந்தப் பஸ் செலவுக்கும் உண்டு.

இப்போது பணத்தைக் கணக்குப் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த உச்சவரம்பு ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.2 லட்சம் ரூபாய். இருபது லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் அது தலைக்கு நான்கு ரூபாய் சொச்சம். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோரின் சம்பளம், மருந்து, வண்டி, பயிற்சி, விழிப்புணர்வு எல்லாம் இதற்குள். 2023–24 மத்திய பட்ஜெட்டில் மனநலத்துக்கென நேரடியாகக் காட்டப்பட்ட தொகை சுமார் 919 கோடி ரூபாய். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 1 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மனநல அறிக்கையின்படி அரசுகள் சுகாதாரச் செலவில் மனநலத்துக்குத் தரும் பங்கின் இடைநிலை அளவு 2.1 சதவீதம். அந்த 919 கோடியிலும் 700 கோடிக்கு மேல் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. நிம்ஹான்ஸ் மருத்துவர்களை உருவாக்குகிறது, ஆய்வு செய்கிறது, அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பரமக்குடிக்கும் பலாங்கீருக்கும் அது மருந்து அனுப்புவதில்லை. மாவட்டத் திட்டத்துக்கான பணமோ தேசிய சுகாதார இயக்கத்தின் பெருந்தொகைக்குள் கலந்துவிடுகிறது. தனி வரியாகக் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத பணத்தைக் குறைத்தாலும் செலவழிக்காமல் திருப்பினாலும் கேட்க ஆளிருக்காது.

சட்டத்தை முழுமையாக நிறைவேற்ற ஆண்டுக்கு 94,073 கோடி ரூபாய் தேவைப்படும் என்று நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 2019இல் மதிப்பிட்டார்கள். அந்த எண்ணோடு உடன்படலாம், உடன்படாமலும் இருக்கலாம். அதன் கணிப்பு முறையை விவாதிக்கலாம். சட்டம் நிறைவேறிய பிறகுதான் இப்படியொரு மதிப்பீடு பொதுவெளிக்கு வந்தது என்பது அதைவிட முக்கியம். உரிமை வந்துவிட்டால் பணம் தானாகப் பின்தொடரும் என்ற நம்பிக்கையில் ஆர்வலர்களும் வரைவாளர்களும் விலைப்பட்டியல் இல்லாமலே சட்டத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

பணம் உண்மையிலேயே பின்தொடர்ந்த ஓரிடம் காப்பீடு. உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 21(4) பிரிவு. 2018 ஆகஸ்டிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டது. நிறுவனங்கள் இழுத்தடித்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல் கண்டித்தது. கடைசியில் 2022 அக்டோபர் 31 எனக் கெடு வைக்கப்பட்டது. தெளிவான பிரிவு, பணம் கொடுக்க வேண்டிய நிறுவனம், வழக்குப் போடும் வசதியுள்ள பாலிசிதாரர் மூன்றும் சேர்ந்தபோது நீதிமன்ற வழி சரியாகவே வேலை செய்தது. பிரிவு 18இல் இந்த மூன்றாமவர் இல்லை. பதினைந்து நாள் மாத்திரை வாங்கப் போகும் தாய் உயர் நீதிமன்றப் படி ஏறுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

யார் பெயரில் யார் பேசுகிறார்கள் என்பதும் தீராத பிரச்சினையாகவே இருக்கிறது. புனேயில் பாப்பு டிரஸ்டை நிறுவிய பார்கவி தவர், மனநோயாளிக்கென்று தனிச் சட்டம் வைப்பதே பாகுபாடு, விருப்பத்துக்கு மாறாகச் சேர்ப்பதற்கு எந்தப் பெயரிலும் இடம் தரக் கூடாது என்று வாதிட்டார். குடும்பங்களின் அமைப்புகளோ, நடுராத்திரியில் வீட்டை விட்டு ஓடுபவரை யார் பிடித்துச் சிகிச்சைக்குக் கொண்டுபோவது என்று கேட்கின்றன. இரண்டும் அனுபவத்திலிருந்து வரும் நியாயங்கள். இரண்டு நிபுணர்கள் பரிசோதித்த பின் 30 நாள் வரை சேர்க்கலாம், மனநலச் சீராய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் நடுவழி கண்டது. ஆனால் வாரியத்தின் ஆறு இடங்களில் நோயாளி, பராமரிப்பவர், தொண்டு நிறுவனம் ஆகிய மூன்று தரப்புக்கும் சேர்த்து இரண்டே இடங்கள். அவை இரண்டையும் நோயாளி ஒருவர்கூட இல்லாமல் நிரப்பச் சட்டம் இடம் தருகிறது. பல மாநிலங்களில் வாரியங்களே ஆண்டுக்கணக்கில் அமைக்கப்படாமல் கிடந்தன. வாரியம் இல்லாத மாவட்டத்தில் முறையிடும் உரிமைக்கு முகவரி இல்லை.

2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம், நாட்டின் 46 அரசு மனநல மருத்துவமனைகளும் மனிதத்தன்மையற்ற நிலையில் இருப்பதாகவும், குணமானவர்களையும் சட்டவிரோதமாக வைத்திருப்பதாகவும் கூறியது. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, 43 மருத்துவமனைகளில் உள்ளோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருப்பதைக் காட்டியது. குடும்பம் ஏற்கவில்லை என்றால் வேறு போக்கிடம் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’ அமைப்பு இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, அதில் நான்கைந்து பேர், உதவிக்கு ஒரு பணியாளர். சமைப்பதும் கடைக்குப் போவதும் அக்கம்பக்கத்தோடு பேசுவதும் அவர்கள் பொறுப்பு. சமூகத்தோடு வாழும் உரிமை என்று பிரிவு 19 சொல்வது இங்கே வாடகை, அரிசி, பணியாளர் சம்பளம் என்று கணக்குப் பார்க்கக்கூடிய தொகையாகிறது. ஏர்வாடியிலேயே பின்னாளில் தர்காவின் வழிபாட்டோடு மருத்துவமும் தரும் திட்டம் வந்தது. நம்பிக்கையைத் தடைசெய்யாமல் அதன் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரை உட்கார வைத்தது, மூடி முத்திரை வைத்ததைவிட நீடித்த பலன் தரும் காரியம். இரண்டுக்கும் ஆண்டுதோறும் தொகை வேண்டும். இரண்டும் நீதிமன்ற உத்தரவின் வேகத்தில் நடப்பவை அல்ல.

சட்டத்தின் 31ஆம் பிரிவு, மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளுக்குள் சர்வதேச அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. அந்தக் கெடு 2028 மே மாதத்தில் முடிகிறது. லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருப்பதாகவும், மூன்று பேர் என்ற இலக்குக்கு இன்னும் 27,000 பேர் தேவை என்றும் நாடாளுமன்றக் குழு 2023இல் குறிப்பிட்டது. எம்.டி. மூன்றாண்டுப் படிப்பு. எனவே கெடுவுக்குள் பட்டம் பெறுபவர்கள் 2025க்குள் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும். இதற்குப் புதிய கல்லூரியோ புதிய கட்டடமோ வேண்டாம். பயிற்சிக்கான தொகையும், பயிற்சி பெற்றவர் எழுதும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருப்பதும் போதும். ஒவ்வொரு மாநிலத்தின் சுகாதார மானியக் கோரிக்கையிலும் மாவட்ட மனநலத் திட்டம் தனி வரியாக வர வேண்டும், அதில் செலவான தொகை மாவட்டவாரியாக வெளியாக வேண்டும் என்று கேட்பது ஆர்வலர்கள் இன்னும் முழு மூச்சாக இறங்காத களம்.