வன்னியில் ஆய்வுகூடம்: கட்டடக்கலையும் சமூகத்தேவையும்

கட்டடக்கலை பற்றிய விமர்சனம் நம்மிடையே பெரும்பாலும் கோயில்களோடும் பழைய மனைகளோடும் நின்றுவிடுகின்றது. பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றை விமர்சனத்துக்குரிய ஆக்கமாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், போரினால் இடம்பெயர்ந்து, 2009இல் போர் முடிவுற்ற பின்னரே அறிவியல்நகரில் நிலைகொண்டது. பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் அங்கு அமைந்தன. ஜப்பானிய நன்கொடையுடன் விவசாய ஆராய்ச்சி, பயிற்சிக் கட்டடத்தொகுதி உருவாயிற்று. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இனியும் அந்நிலத்தில் ஆய்வுகூடங்கள் எழும். அவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பதே நம்முன் உள்ள வினா.

நவீன ஆய்வுகூட அமைப்பிலே திருப்பத்தை ஏற்படுத்தியவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான். பிலடெல்பியாவில் 1960ஐ ஒட்டி அவர் அமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுகூடம், மனிதர் பணிபுரியும் வெளியையும், அதற்குத் துணைநிற்கும் குழாய், காற்றுவழி, படிக்கட்டு ஆகியவற்றின் வெளியையும் வெவ்வேறாகப் பிரித்தது. கட்டடம் உலகப் புகழ் பெற்றது; ஆயினும் உள்ளே பணிபுரிந்த விஞ்ஞானிகள் வெயிலின் கூச்சம் தாளாது யன்னற் கண்ணாடிகளை மறைத்துக்கொண்டனர். 1965இல் நிறைவுற்ற கலிபோர்ணியாவின் சோல்க் ஆய்வுநிலையத்தில் அவர் தம் கொள்கையை மேலும் செம்மைப்படுத்தினார். ஒவ்வோர் ஆய்வுத்தளத்தின் மேலும், ஆள் நின்று குழாய்களைப் பழுதுபார்க்கக்கூடிய உயரத்தில் தனித்தளம் அமைந்தது. புகழுக்குரியது வடிவமன்று, பழுதுபார்ப்பவனுக்கும் இடம் வகுத்த சிந்தனையே என்பது மனங்கொளத்தக்கது.

இச்சிந்தனை வன்னியில் எவ்வுருவம் பெறவேண்டும்? அங்கு ஏப்பிரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதிவரை நண்பகற் சூரியன் வடபாற் சாய்ந்து நிற்கும். ஏனைய மாதங்களில் தென்பாற் சாயும். ஆகவே இருபுறச் சுவர்களுக்கும் நிழல் வேண்டும். கிழக்கு, மேற்குச் சுவர்கள் ஒடுங்கியும் திறப்புகள் குறைந்தும் அமைதல் வேண்டும். தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகல்முழுதும் வெப்பத்தை உண்டு இரவிலே உமிழ்வது. அதன்மீது காற்று ஊடாடும் இன்னொரு கூரை தேவை. இவற்றைக் கருதாது கண்ணாடி முகப்பு வைத்து, அதனால் விளையும் வெப்பத்தைக் குளிரூட்டிகளால் தணிக்க முனைவது நவீனத்துவமாகாது, நவீனத்துவத்தின் போலியேயாகும்.

இதற்கு மாற்றாக மரபுக்குத் திரும்புவோம் என்போரும் உளர். மாத்தறையில் ஜெப்ரி பாவா 1980களில் அமைத்த றுகுணு பல்கலைக்கழகம் குன்றுகளின் சரிவையும் காற்றின் போக்கையும் தழுவி, விறாந்தைகளாலும் ஓட்டுக்கூரைகளாலும் சிறப்புற்றது. அதன் நெறி கொள்ளத்தக்கது. வடிவத்தை அப்படியே பெயர்த்து நடுதல் தகாது. சோளகக் காற்று புழுதியோடு வீசும் நாளில், திறந்த யன்னலருகே நுண்ணுயிர் ஆய்வு நிகழ்த்தவியலாது. நச்சுப்புகையை வெளியேற்றும் கூண்டின் முன்னே குறுக்குக்காற்று வீசினால், புகை ஆய்வாளர் முகத்துக்கே திரும்பும். எனவே மூடிக் குளிரூட்டவேண்டிய அறைகளை ஒரு சிறு தொகுதியாகச் சேர்த்து, மண் உலர்த்தல், விதை பிரித்தல், எழுத்துப்பணி, கருத்தரங்கு என்பவற்றைக் காற்றோட்டமுள்ள வெளிகளில் அமைத்தலே பொருத்தமாகும்.

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீடித்தது. முழுக்கட்டடமும் குளிரூட்டியை நம்பியிருக்குமாயின், மின்சாரம் நிற்கும்போது ஆய்வும் நிற்கும். சிறு தொகுதியாயின் ஒரு மின்பிறப்பாக்கி அதனைத் தாங்கும். மேலும், நன்கொடை கட்டடத்தைத் தரும். ஆண்டாண்டுப் பராமரிப்பைத் தருவதில்லை. சுவருக்குள் புதைத்த குழாய் கசிந்தால் சுவரையே உடைக்கவேண்டும். இடம்பெயர்வையும் அழிவையும் கண்ட மண்ணில், உள்ளூர்த் தொழிலாளியின் கையால், உள்ளூரிற் கிடைக்கும் பொருளால் செப்பனிடத்தக்கதாய் இருத்தலே ஒரு கட்டடத்தின் முதற்றகுதி எனலாம்.

இறுதியாக, விவசாய ஆய்வு யாருக்கானது என்ற வினா எஞ்சுகின்றது. இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிப்பவன் தன் வயல்மண்ணைப் பொதியிற் கட்டிக்கொண்டு வந்தால், அவன் அமர நிழலுள்ள விறாந்தையும், மண்ணைக் கையளிக்க நிலத்தளத்தில் ஓர் அறையும் அங்கு உளவா? வரைபடத்திலே அவனுக்கு இடம் இல்லையாயின், ஆய்வின் பயனிலும் அவனுக்கு இடமிருக்குமென எதிர்பார்த்தல் அரிது. கட்டடத்தின் வரைபடம் ஒரு சமூக ஆவணமுமாகும். அவ்வாறே அது வாசிக்கப்படல் வேண்டும்.