சொல் நீங்கியபின் நின்ற யாப்பு: எரிக் விட்டக்கரின் ‘ஸ்லீப்’ சேர்ந்திசைப் படைப்பில் கவிதையும் இசையும்

முன்னுரை

ஒரு கவிதைக்கு இசையமைக்கப்பட்டது என்று கூறும்போது, கவிதை முந்தியது, இசை அதன் பொருளை விரித்துரைப்பது என்ற வரிசையை நாம் பெரும்பாலும் ஆராயாமலேயே ஏற்றுக்கொள்கிறோம். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டக்கரின் (பி. 1970) ‘ஸ்லீப்’ என்னும் படைப்பு இவ்வரிசையைக் குலைக்கிறது. பக்கவாத்தியம் எதுவுமின்றி எட்டுக் குரற்பிரிவுகள் பாடுமாறு எழுதப்பட்ட இப்படைப்பு ஒரு கவிதைக்காகப் பிறந்தது. இன்று வேறொரு கவிதையுடன் பாடப்படுகிறது. இசை மாறவில்லை. அவ்வாறாயின், அவ்விசை எந்தக் கவிதையின் பொருளை உரைக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அரங்கேற்றமும் தடையும்

1999-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பாடகி ஒருவர், சில வார இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்த தம் பெற்றோரின் நினைவாக ஒரு சேர்ந்திசைப் படைப்பை எழுதித் தருமாறு விட்டக்கரிடம் கேட்டுக்கொண்டார். அவர் விரும்பிய கவிதை, 1923-இல் வெளியான ராபர்ட் ஃபிராஸ்டின் ‘ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்நோயி ஈவ்னிங்’. படைப்பு 2000 அக்டோபரில் ஆஸ்டினில் ஃபிராஸ்டின் சொற்களுடன் அரங்கேறியது. 2001 வசந்த காலத்தில் அமெரிக்கச் சேர்ந்திசை இயக்குநர்கள் சங்கத்தின் தேசிய மாநாட்டில் ரெனே கிளாசன் இதனை வழங்கினார். அதன்பின் பல குழுக்கள் படைப்பை நாடி வந்தன. ஆனால் கவிதையின் உரிமையாளர்கள் அனுமதி மறுத்தனர். நெடிய கடிதப் போக்குவரத்துக்குப் பின்னும் மறுப்பு நீடிக்கவே, விட்டக்கர் தம் நண்பரான கவிஞர் சார்லஸ் அந்தோணி சில்வெஸ்ட்ரியிடம் இசையைக் கொடுத்துப் புதிய கவிதை எழுதித் தருமாறு வேண்டினார். ஃபிராஸ்டின் சொற்கள் தம் வேலையைத் தாமே செய்யட்டும் என்று தாம் ஒதுங்கி நிற்க முயன்றதாக விட்டக்கர் குறிப்பிட்டுள்ளார். ஒதுங்க நேர்ந்ததோ சொற்களுக்குத்தான்.

மெட்டுக்குப் பாட்டு

நமக்கு இது புதிய நிகழ்வன்று. பாரதியார் தம் பாடல்கள் சிலவற்றுக்கு நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளின் வர்ணமெட்டைக் குறித்திருப்பதை அறிவோம். ஆங்கிலத் துதிப்பாடல் மரபிலும் அடியளவு ஒத்திருந்தால் ஒரு மெட்டை வேறு பாடலுக்கு எடுத்தாள்வது வழக்கம். ‘மெட்டுக்கு எழுதுவது இரண்டாந்தரம்’ என்ற குற்றச்சாட்டு நம் திரைப்பாடல் விவாதங்களில் அடிக்கடி எழுவதுண்டு. அதை அப்படியே இங்குச் சுமத்துவதில் பயனில்லை.

சில்வெஸ்ட்ரிக்குக் கிடைத்தது வெறும் மெட்டன்று; ஒரு கவிதையின் யாப்பையே தன்னுள் வாங்கியிருந்த மெட்டு. ஃபிராஸ்டின் கவிதை நான்கு செய்யுட்களும் பதினாறு அடிகளும் கொண்டது. ஒவ்வோர் அடியிலும் அழுத்தமற்ற அசையும் அழுத்தமுள்ள அசையுமாக நான்கு இணைகள் வருகின்றன. நம் அளவடியும் நாற்சீரால் ஆவது என்றாலும், நம் யாப்பு நேர், நிரை என்னும் அசை வடிவத்தைக் கருதுவது. ஆங்கில யாப்பு அழுத்தத்தைக் கருதுவது. ஒரு செய்யுளின் முதல், இரண்டாம், நான்காம் அடிகள் இயைபு பெற, தனித்து நிற்கும் மூன்றாம் அடியின் ஒலி அடுத்த செய்யுளின் இயைபாக வளர்கிறது. அந்தாதியைப் போன்ற இத்தொடர்ச்சி நான்காம் செய்யுளில் முடிவுறுகிறது. அங்கு நான்கடியும் ஒரே இயைபு பெறுகின்றன, இறுதி அடி இருமுறை வருகிறது.

சில்வெஸ்ட்ரி இவை அனைத்தையும் காத்துள்ளார். அடியளவு, இயைபுச் சங்கிலி, இறுதி அடியின் மடக்கு, ‘ஸ்லீப்’ என்ற கடைசிச் சொல் ஆகியவற்றோடு, இருளையும் ஆழத்தையும் குறிக்கும் ஃபிராஸ்டின் இரு பெயரடைகளும் இறுதிச் செய்யுளில் இடம்பெறுகின்றன. காரணம் எளிது. இப்படைப்பின் பெரும்பகுதியில் எல்லாக் குரல்களும் ஒரே அசையை ஒரே நேரத்தில் உச்சரிக்கின்றன; எனவே அசை ஒன்று பிறழ்ந்தாலும் இசை குலையும். பொருள் முழுவதும் வெளியேறியபின்னும் யாப்பு வெளியேறவில்லை. சேர்ந்திசை தன்னுள் உறுதியாகத் தாங்கியிருந்தது கவிதையின் யாப்பையே என்பது இதனால் விளங்கும்.

உறக்கத்தின் திசை

ஆயினும் பொருளைப் பற்றிய சிக்கல் இதனோடு தீரவில்லை. ஃபிராஸ்டின் பயணி பனிபொழியும் காட்டருகே நிற்கிறார். காடு அவரை ஈர்க்கிறது. கொடுத்த வாக்குகளும் கடக்கவேண்டிய தொலைவும் அவரைத் திரும்ப அழைக்கின்றன. அக்கவிதையில் உறக்கம் ஒத்திவைக்கப்படும் ஒன்று. சில்வெஸ்ட்ரியின் கவிதையிலோ, படுக்கையில் கிடப்பவர் நினைவுகளின் அலைச்சலுக்குப் பின் உறக்கத்திடம் தம்மை ஒப்படைக்கிறார். ஒரே இயைபில், ஒரே இசையில், உறக்கத்தை நோக்கிய மனநிலை நேர்எதிராகத் திரும்பிவிட்டது.

இவற்றுள் எது இசைக்கு இசைந்தது? படைப்பின் முடிவைக் கேட்போர்க்கு ஐயமிராது. இறுதிச் செய்யுளில் பெருகி உச்சம் தொட்ட ஒலி, பின்னர் ‘ஸ்லீப்’ என்ற ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் மேலும் தணிந்து, மௌனத்துள் கரைகிறது. இங்கு ஒத்திவைப்பு இல்லை. பயணம் தொடர்வதற்கான அசைவும் இல்லை. ஃபிராஸ்டின் சொற்கள் இருந்த காலத்திலேயே இவ்விசை பயணியை உறங்கவைத்துவிட்டது என்பது என் கருத்து. மறைந்த பெற்றோரின் நினைவுக்காக எழுதப்பட்ட படைப்பில் உறக்கத்தை இறப்பாகக் கொள்ளும் வாசிப்பு மேலோங்கியது இயல்பே. ஃபிராஸ்டின் கவிதைக்கு அவ்வாறு பொருள் கொள்வோர் முன்பிருந்தே உண்டு.

ஆகவே சில்வெஸ்ட்ரியின் கவிதையை ஃபிராஸ்டின் கவிதைக்கு மாற்றாகக் கருதுவதைவிட, விட்டக்கரின் இசைக்கு எழுந்த உரையாகக் கருதுவதே பொருந்தும். இசையமைப்பாளர் ஃபிராஸ்டை எவ்வாறு வாசித்தார் என்பதை அது சொற்களில் வெளிப்படுத்துகிறது. தமக்கு இப்போது சில்வெஸ்ட்ரியின் கவிதையே பிடித்திருப்பதாக விட்டக்கர் எழுதியிருப்பதையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். உரை தம் கருத்தோடு ஒத்துப்போவதை மூலகர்த்தா விரும்புவதில் வியப்பில்லை.

குதிரை

ஆனால் உரை ஒத்துப்போகும் இடத்தில்தான் இழப்பும் நேர்ந்திருக்கிறது. ஃபிராஸ்டின் சொற்களுடன் பாடப்பட்டபோது, சொல் போகவேண்டும் என்றது. இசை இருந்துவிடு என்றது. அம்முரண் கேட்போரை இருபுறமும் இழுத்திருக்கும். இப்போது சொல்லும் இசையும் ஒருமித்துத் தாலாட்டுகின்றன. படைப்பு இனிமையாகவும் முழுமையாகவும் இருக்கிறது. சற்று எளிதாகவும் ஆகிவிட்டது. தலையணையும் படுக்கையும் வரும் செய்யுட்பகுதி, கனவைப் பற்றிப் பேசும் இறுதிப் பகுதியின் தரத்தை எட்டவில்லை. அவ்விறுதிப் பகுதியில் ஹாம்லெட்டின் தனிமொழி எதிரொலிப்பதால், நீக்கப்பட்ட மரணச் சாயல் வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது. சில்வெஸ்ட்ரியின் நுண்மைக்கு இதுவே சிறந்த சான்று.

என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு குதிரைதான். வீடு எதுவுமில்லாத இடத்தில் ஏன் நிற்கிறோம் என்று கேட்பதுபோல் மணியை அசைக்கும் அக்குதிரை, ஃபிராஸ்டின் கவிதையில் பயணிக்குப் புறத்தே நிற்கும் ஒரே உயிர். அது போனபின் கவிதையில் ‘நான்’ மட்டுமே எஞ்சுகிறது. 2011-இல் 58 நாடுகளைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்டோர் இப்படைப்பைத் தத்தம் இடத்தில் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்ப, அவை இணையவழிச் சேர்ந்திசையாகத் தொகுக்கப்பட்டன. பிறர் எவரும் இல்லாத இந்த ‘நான்’ அந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை அக்காணொளியைக் காண்போர் உணரலாம்.

2019 சனவரி 1 முதல் ஃபிராஸ்டின் கவிதை அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டது; கவிதையைப் பொறுத்தவரை அன்றைய தடை இன்றில்லை. ஆஸ்டினில் அரங்கேறிய வடிவத்தை இசையமைப்பாளரின் இசைவுடன் ஒரு குழு மீண்டும் பாடுமாயின், குரல்கள் தணியும் அந்த இறுதிப் பகுதியை எவ்வளவு மெதுவாக நடத்துவது என்பது வெறும் காலப்பிரமாணச் சிக்கலாக இராது. பயணி குதிரையைச் செலுத்தினாரா, பனியிலேயே நின்றுவிட்டாரா என்பதை அங்கே குழுவின் நடத்துநரே முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.