எட்டு மாதமும் இருபது ஆண்டும்

1982 ஜூலையில், அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு நாற்பது வயது. வயிற்றறையின் உட்சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் அவருக்கு இருப்பது தெரியவந்தது. கல்நார்த் தூசியோடு தொடர்புபடுத்தப்படும் நோய் இது. அறுவை முடிந்ததும், புற்றுநோய் மருந்து செலுத்தவிருந்த மருத்துவரிடம், இந்நோய் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டார். படிக்கத் தக்கது ஒன்றுமில்லை என்று அந்த அம்மையார் நயமாகச் சொல்லிவிட்டார். நடமாட முடிந்தவுடன் கூல்டு ஹார்வர்டு மருத்துவ நூலகத்துக்குச் சென்றார். காரணம் புரிந்தது: இடைநிலை ஆயுள் எட்டே மாதம்!

1985-இல் 'டிஸ்கவர்' இதழில் இதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. இடைநிலை அளவு என்பது பாதிப்பேர் அதற்குள் இறந்தனர் என்று மட்டுமே கூறும். மீதிப்பேரின் கதையைக் கூறாது. ஐந்து நோயாளிகள் முறையே 2, 5, 8, 40, 240 மாதங்கள் வாழ்ந்தனர் எனக் கொள்வோம். இடைநிலை 8, சராசரியோ 59! இடப்பக்கம் சுழியில் முட்டி நின்றுவிடுகிறது. வலப்பக்கம் வால்போல் நீள்கிறது. நம் பள்ளிக் கணக்கில் இடைநிலையை மதிப்பெண்களைக் கொண்டே கற்பிக்கிறோம். இக்கட்டுரையைக் கொண்டு கற்பித்தால் மாணவர் மறக்கமாட்டார்கள்.

ஆனால், நீண்ட வாலில் தமக்கு இடமுண்டு என்பதற்குக் கூல்டு காட்டும் காரணங்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. இளவயது, தொடக்கத்திலேயே நோயை அறிந்தது, நல்ல சிகிச்சை ஆகியவை சரி. நம்பிக்கையான மனப்பாங்கையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். தலை, கழுத்துப் புற்றுநோயுற்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வில் மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. எட்டு மாதத்துக்குள் இறந்தவர் நம்பிக்கை குறைந்தவரா என்ன?

மருந்துச் சிகிச்சையைப் பற்றிக் கட்டுரை விளக்கவில்லை என்பதும் குறையே. வளைகோட்டை மாற்றவல்லது அதுதானே! 2009-இல் வெளியான ஆய்வொன்று 405 நோயாளிகளைப் பற்றியது. கட்டிகளை வெட்டி நீக்கியபின், பெரும்பாலோருக்குச் சூடேற்றிய மருந்தை வயிற்றறைக்குள்ளேயே செலுத்தினர். இடைநிலை ஆயுள் 53 மாதங்கள். இதையும் அப்படியே எட்டுடன் ஒப்பிடலாகாது. இவர்கள் கடினமான அறுவையைத் தாங்கவல்லவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

கூல்டு 2002-இல் வேறொரு புற்றுநோயால் காலமானார். இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.