வில்லனுக்கும் வேலை உண்டு

பெர்சி ஜாக்சன் வரிசையில் கிரேக்கத் தெய்வங்களை நியூயார்க்கில் குடியேற்றிய ரிக் ரியார்டன், எகிப்தின் பக்கம் திரும்பி 2010இல் வெளியிட்ட நாவல் 'தி ரெட் பிரமிட்'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்தியல் அறிஞர் ஜூலியஸ் கேன் மந்திரம் சொல்ல, ரொசெட்டா கல் வெடித்துச் சிதறுகிறது. ஒசைரிஸ், ஐசிஸ், ஹோரஸ், நெப்திஸ், சேத் என்ற எகிப்தியத் தெய்வங்கள் ஐவரும் விடுபடுகிறார்கள். சேத்திடம் சிக்கிய தந்தையை மீட்க, தனித்தனியே வளர்ந்த கார்ட்டரும் தங்கை சேடியும் கிளம்புகிறார்கள்.

தொன்மத்தை வெறும் அலங்காரமாக ஒட்டாமல் கதையின் இயந்திரத்துக்குள்ளேயே ரியார்டன் பூட்டியிருக்கிறார். பழைய எகிப்தியர் தலையணைக்குப் பதிலாக மரத்திலும் கல்லிலும் செய்த தாங்கியில் தலைவைத்துத் தூங்கினார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் பிள்ளை அதைத் தாண்டிப் போய்விடும். நாவலிலோ, தாங்கி உறுத்துகிறதென்று தள்ளிவிட்டுத் தூங்கினால், மனிதத் தலை கொண்ட பறவையாக ஆன்மா வெளியே பறந்துவிடும். அந்தப் பறவை கல்லறை ஓவியங்களில் உள்ள 'பா' தான். பார்வோன் என்பவன் மண்ணில் வாழும் ஹோரஸ் என்ற நம்பிக்கையும் இப்படியே உருமாறுகிறது: ஹோரஸ் கார்ட்டருக்குள்ளும் ஐசிஸ் சேடிக்குள்ளும் புகுந்துகொள்கிறார்கள். பலம் கிடைக்கிறது, தன்னை இழக்கும் ஆபத்தும் கூடவே வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சேத்தை நடத்தியிருக்கும் விதம். ஒசைரிஸைக் கொன்ற அதே சேத்தான், சூரியக் கடவுள் ராவின் படகு முனையில் நின்று அபோபிஸ் பாம்பை ஈட்டியால் குத்துபவன். பத்தொன்பதாம் வம்சத்து அரசர்கள் சிலர் அவன் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். ராவின் ரகசியப் பெயரைப் பாம்பின் விஷத்தால் ஐசிஸ் கறந்த கதையைப் போல, சேத்தின் ரகசியப் பெயர் சேடி கைக்கு வருகிறது. பெயர் கைவசம் இருந்தும் அவள் அவனை ஒழித்துக்கட்டுவதில்லை. ஏனென்றால் அவனைவிடப் பெரிய குழப்பம் பின்னால் காத்திருக்கிறது. நல்லவன் வென்றான், தீயவன் அழிந்தான் என்று முடித்திருந்தால் அது எகிப்தியக் கதையாகவே இருந்திருக்காது.

இவ்வளவு புரிதல் உள்ளவர் கதையோட்டத்தில் ஏன் இத்தனை அவசரப்பட்டார்? ஊருக்கொரு அசுரன், ஊருக்கொரு சண்டை, பிறகு தப்பியோட்டம். வாஷிங்டன், டென்னசியின் மெம்ஃபிஸ், பீனிக்ஸ் என்று ஓடுகையில் ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அண்ணனும் தங்கையும் ஒலிப்பதிவில் மாறிமாறிக் கதை சொல்லும் உத்தியும் அப்படித்தான். தொடக்கத்தில் கலகலப்பு, பாதிக்குமேல், பெயரை மறைத்துவிட்டால் பேசுவது யாரென்று சொல்வது சிரமம். லண்டன் கொச்சை மட்டுமே சேடியைக் காட்டிக்கொடுக்கிறது.

பெரிய குறை, எகிப்துக் கதையில் எகிப்தே ஒதுங்கி நிற்பது. கெய்ரோ வருகிறது, ஆனால் மந்திரவாதிகளின் நிலவறையாக. இன்றைய தெருவும் மக்களும் கண்ணில் படுவது அரிது. ரொசெட்டா கல்லை 1799இல் கண்டெடுத்தது நெப்போலியனின் படை. அவர்களைத் தோற்கடித்த ஆங்கிலேயர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லை உடைத்துத் தொடங்கும் நாவலில், அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கதையின் மையத்துக்கு வரவே இல்லை. கறுப்பினச் சிறுவனை உலகம் கூடுதல் கடுமையோடு எடைபோடும், அதனால் எப்போதும் நேர்த்தியாக உடுத்து என்று தந்தை மகனிடம் சொல்லும் இடத்தை எழுதத் தெரிந்தவருக்கு இது எட்டாத கேள்வி அல்ல.

பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். எகிப்தியத் தெய்வங்களை அறிமுகப்படுத்த நல்ல நூல். எகிப்தை அறிய இது போதாது.