ஒற்றைத் தூண்

1967 மே மாதம் அமெரிக்க வானிலையியல் கழகத்தின் ஆய்விதழில் 19 பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட். ஒப்பு ஈரப்பதத்தை இன்னபடி என்று வைத்துக்கொண்டால் வளிமண்டலத்தின் வெப்பச் சமநிலை எப்படி அமையும் என்பது தலைப்பு. கரியமில வாயு என்ற பெயர் தலைப்பில் இல்லை. பூமி சூடாவது பற்றிய பேச்சும் இல்லை. ஆனாலும் காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் தரை எத்தனை டிகிரி சூடேறும் என்ற கேள்விக்கு நம்பத்தக்க முதல் விடை இந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. 2015-ல், அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழுவின் (ஐ.பி.சி.சி.) அறிக்கைகளை எழுதிய விஞ்ஞானிகளிடம் காலநிலைத் துறையில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற கட்டுரை எது என்று கேட்டபோது, அதிகம் பேர் சுட்டியது இதைத்தான். 2021-ல் மனாபேக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வெதரால்ட் அதற்குப் பத்து ஆண்டு முன்பே காலமாகிவிட்டார்.

புகழ் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கட்டுரையை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அதன் கட்டமைப்புக்காக. எதை விடுவது, எதைப் பிடித்து நிறுத்துவது என்பதில் அவர்கள் காட்டிய கைநேர்த்தி அப்படி.

முதலில் விட்டவை. இவர்களுடைய பூமியில் நாடில்லை, கடலில்லை, மலையில்லை. இரவு பகல் கிடையாது. பருவங்களும் கிடையாது. தென்றலோ புயலோ எந்தத் திசையிலிருந்தும் வீசாது. தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரே ஒரு காற்றுத் தூண், அவ்வளவுதான். உலகம் முழுமைக்குமான சராசரி வெயில் மேலிருந்து அதன்மேல் விழுகிறது. உள்ளே வாங்கிய வெப்பம் அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குப் போகிறது. வரவும் செலவும் சமமாகும் வரை கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துக் கணினிக்கு இதற்கு மேல் தெம்பில்லை, அதனால்தான் இந்தச் சிக்கனம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் வேலை பார்த்த, ஜோசப் ஸ்மகோரின்ஸ்கி நடத்திய வாஷிங்டன் ஆய்வுக்கூடத்தில் காற்று முப்பரிமாணத்திலும் சுழலும் மாதிரி உருவாகிக்கொண்டுதான் இருந்தது. மனாபேயை 1958-ல் ஜப்பானிலிருந்து அழைத்து வந்தவரே ஸ்மகோரின்ஸ்கிதான். அந்தப் பெரிய மாதிரிக்குள் கதிர்வீச்சுக் கணக்கைப் பொருத்துவதற்கு முன்னால், அதைத் தனியே நிறுத்திச் சரிபார்க்கத்தான் இந்தத் தூண்.

இனி அவர்கள் பிடித்து நிறுத்திய இரண்டு எண்கள். முதல் எண் 6.5.

வெயிலையும் அகச்சிவப்புக் கதிரையும் மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் தரை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்குக் கொதிக்கும். அதற்குச் சற்று மேலேயுள்ள காற்றோ சட்டென்று குளிர்ந்துவிடும். நிஜத்தில் இப்படி நடக்காததற்குக் காரணம் வெப்பச்சலனம்: சூடான காற்று மேலே கிளம்புகிறது, நீராவியையும் தூக்கிக்கொண்டு போகிறது, மேலே மேகமாகி வெப்பத்தை இறக்கி வைக்கிறது. ஒவ்வொரு இடிமேகத்தையும் கணக்கிட எவராலும் முடியாது. மனாபே எளிதாக ஒரு விதி வைத்தார். உயரே போகப்போக வெப்பநிலை கிலோமீட்டருக்கு 6.5 டிகிரிக்கு மேல் குறைந்தால், மொத்த வெப்பம் கூடாமல் குறையாமல் அந்த அடுக்குகளைக் கலந்து 6.5-க்குக் கொண்டுவந்துவிடு. அதற்குக் குறைவாக இருந்தால் தொடாதே. 6.5 என்பது நிஜ வளிமண்டலத்தில் அளந்து கண்ட சராசரிச் சரிவு.

இந்த விதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நாம் வாழும், மழையும் புயலும் நடக்கும் கீழடுக்கு எந்த உயரத்தில் முடிகிறது, அதற்கு மேலே அமைதியான மீளடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்) எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. எந்த உயரம் வரை கலக்க வேண்டியிருக்கிறதோ அதுவரை கீழடுக்கு. கலக்கத் தேவைப்படாத இடத்தில் மீளடுக்கு. எல்லை தானாக விழுகிறது. ஒற்றை வரி விதி, வளிமண்டலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது எண் 77. செய்தித்தாளின் வானிலைப் பகுதியில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று அச்சாகுமே, அதே ஒப்பு ஈரப்பதம்தான். ஒரு வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே அது. காற்று ஒரு டிகிரி சூடானால் அந்த அதிகபட்சம் சுமார் 7 சதவீதம் உயரும். மனாபேயும் வெதரால்டும் கோடையிலும் குளிர்காலத்திலும் அளந்த ஈரப்பதப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். இரு பருவங்களுக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம். நீராவியின் அளவிலும் அப்படியே. ஒப்பு ஈரப்பதம் மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. இயற்கை எதை மாறாமல் வைத்துக்கொள்கிறதோ அதையே நாமும் மாறாமல் வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். தரையில் 77 சதவீதம். மேலே போகப்போக அழுத்தம் குறைகிற விகிதத்தில் நேர்கோடாகக் குறைந்துகொண்டே போகும். நீராவியைப் பற்றி அவர்கள் கட்டுரையில் வைத்த முக்கிய அனுமானம் இதுவே.

நீராவி தானே ஒரு பசுங்குடில் வாயு என்பதால் இந்த முடிவுக்கு விலை உண்டு. அதைத்தான் கட்டுரையில் ஒரு சிறிய அட்டவணை காட்டுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு என்று வைத்த கரியமில வாயுவை 600 ஆக்கு. சராசரி மேகமூட்டத்தோடு, நீராவியின் அளவை மாற்றாமல் வைத்தால் தரை 1.33 டிகிரி சூடாகிறது. ஒப்பு ஈரப்பதத்தை மாற்றாமல் வைத்தால் 2.36 டிகிரி. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு டிகிரிச் சொச்சம் முழுக்க நீராவியின் பங்கு. கரியமில வாயு தொடங்கி வைக்கிறது, நீராவி பெருக்குகிறது என்று இன்று எல்லாப் பாடப் புத்தகங்களும் பத்தி பத்தியாக எழுதுவதை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்கள் சொல்லி முடித்துவிடுகின்றன.

அட்டவணையை அதோடு மூடிவிடாதீர்கள். 300-ஐ 150 ஆகக் குறைத்தும் பார்த்திருக்கிறார்கள்: 2.28 டிகிரி குளிர்கிறது. 300 பங்கு கூட்டியதற்கும் வெறும் 150 பங்கு கழித்ததற்கும் கிட்டத்தட்ட ஒரே விளைவு. எத்தனை பங்கு கூடியது என்பது முக்கியமில்லை, எத்தனை மடங்கு ஆனது என்பதே முக்கியம் என்ற விதி இதில் கண்ணுக்குத் தெரிகிறது. இரட்டிப்பாக்கிப் பார்க்க எவருக்கும் தோன்றும். பாதியாக்கிப் பார்க்கத் தோன்றியதே, அதைத்தான் நான் கைநேர்த்தி என்கிறேன். இன்னொன்று: நாடும் கடலும் இல்லாத இந்தத் தூணின் அடியில் 300 பங்குக்குக் கிடைத்த வெப்பநிலை 15 டிகிரிக்குச் சற்று மேலே. நிஜ உலகின் சராசரிக்கு அவ்வளவு பக்கம்.

கட்டுரைச் சுருக்கத்தில் ஒரு வரி வருகிறது. கரியமில வாயு மாறும்போது வெப்பநிலை மட்டுமீறித் தாவும் என்று மோலர் சொன்ன போக்கு எங்கள் மாதிரியில் இல்லை என்கிறது அது. ஜெர்மானிய அறிஞர் ஃப்ரிட்ஸ் மோலர் 1963-ல் இதே ஒப்பு ஈரப்பத யோசனையோடு கணக்கிட்டு, இரட்டிப்புக்கு 10 டிகிரியை ஒட்டிய உயர்வு என்று எழுதியிருந்தார். அவர் பார்த்தது தரையின் வெப்ப வரவு செலவை மட்டும். கல்லாப் பெட்டியை எண்ணிவிட்டு, கிடங்கை மறந்து லாபம் சொல்வது போன்ற வேலை அது. தரை தனியாக இல்லை. வெப்பச்சலனத்தால் மேலேயுள்ள காற்றோடு கட்டுண்டு கிடக்கிறது. கணக்கு நேராக வேண்டிய இடம் தூணின் உச்சி, விண்வெளிக்கு வெப்பம் போகும் வாசல். 6.5 விதி ஏன் வேண்டியிருந்தது என்பது இந்த இடத்தில்தான் முழுதாகப் புரியும். மோலர் அந்நியர் அல்லர். மனாபேயோடு சேர்ந்து 1961-ல் கதிர்வீச்சுச் சமநிலை பற்றிக் கட்டுரை எழுதியவர். தன் பழைய கூட்டாளியைத் திருத்துவதற்கு மனாபே சுருக்கத்தில் எடுத்துக்கொண்டது அடக்கமான ஒரே வாக்கியம். இன்றைய கல்விச் சண்டைகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த நாகரிகத்தின் அருமை தெரியும்.

16-ம் படத்துக்கு வருவோம். 150, 300, 600 என மூன்று நிலைகளுக்கும் தூணின் வெப்பநிலையை மூன்று வளைகோடுகளாகப் போட்டிருக்கிறார்கள். கீழடுக்கில் 600-ன் கோடு வலப்பக்கம், அதாவது சூடான பக்கம், 150-ன் கோடு இடப்பக்கம். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக ஏறுகின்றன. மேலே போனதும் மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வரிசை தலைகீழாகிறது. மீளடுக்கில் 600-தான் எல்லாவற்றிலும் குளிர்ச்சி. அங்கே கரியமில வாயு கூடக்கூட அது வெப்பத்தை விண்ணுக்கு இன்னும் வேகமாக வீசி எறிகிறது. கீழே இருந்து தாங்கிப் பிடிக்க வெப்பச்சலனமும் இல்லை. இந்தக் குறுக்கு வெட்டு ஒரு கைரேகை. சூரியன் கூடுதலாக எரிந்து பூமி சூடானால் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். கீழே சூடு, மேலே குளிர் என்றால் வேறு காரணம் வேண்டும். 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருவது அந்த இரண்டாவது கோலத்தைத்தான். மீளடுக்கின் கீழ்ப்பகுதிக் குளிர்ச்சியில் ஓசோன் சிதைவுக்கும் பங்கு உண்டு. மேல்பகுதியில் கரியமில வாயுவின் கை நன்றாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் புகழ்ந்துவிட முடியாது. மேகங்களை உயரம், நடு, தாழ்வு என மூன்றாகப் பிரித்து, தாழ்ந்தவையும் நடுவிலுள்ளவையும் குளிர்விக்கும், உயரத்திலிருக்கும் கீற்று மேகம் சூடாக்கவும் கூடும் என்று சரியாகவே கண்டார்கள். ஆனால் உலகம் சூடாகும்போது மேகங்களே எப்படி மாறும் என்பதைத் தொடவில்லை. சிக்கனம் அங்கே குறையாகிவிடுகிறது. அந்தக் குறை அவர்களோடு போகவும் இல்லை. 1979-ல் வானிலையியலாளர் ஜூல் சார்னி தலைமையிலான குழு இரட்டிப்புக்கு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது, 2021-ல் ஐ.பி.சி.சி. அதை 2.5 முதல் 4 வரை என்று இறுக்கி, நடு மதிப்பாக 3 என்றது. இடைப்பட்ட 42 ஆண்டு இழுபறியில் பெரும்பங்கு மேகத்தால் வந்தது.

ஈரப்பத அனுமானம் தேறியதா என்று கேட்டால், தேறியது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்து உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. மேல்காற்றில் நீராவியும் கூடவே குறைந்தது. நீராவியின் பெருக்கும் வேலையைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தக் குளிர்ச்சியின் அளவு பொருந்துகிறது, விட்டுவிட்டால் பொருந்தவில்லை என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதை எழுதியவர்கள் வரிசையில் இரண்டாவது பெயர் ரிச்சர்ட் வெதரால்ட்.

1975-ல் அதே இருவரும் காற்று வீசும், துருவமும் வெப்பமண்டலமும் உள்ள முப்பரிமாண மாதிரியில் இதே கேள்வியைக் கேட்டார்கள். விடை 2.93 டிகிரி. ஒற்றைத் தூண் சொன்ன எண்ணிலிருந்து அரை டிகிரிச் சொச்சம்தான் தள்ளி.

1967 கட்டுரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சமன்பாடுகள் மிரட்டினால் தாண்டிப் போய்விடுங்கள்; அந்தச் சிறிய அட்டவணையையும் 16-ம் படத்தையும் மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள்.